இருமல் இல்லாத பதிவு

அந்த மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், மேடம். நான் பேசுவதைப் பதிவு செய்கிறீர்கள் என்றால் அது வேண்டாம். விசிறியின் உறுமல் மனிதக் குரலோடு ஒட்டிக்கொண்டுவிடும். பிறகு ஒன்றை எடுக்கப் போனால் இன்னொன்றும் சேர்ந்து வந்துவிடும். வியர்த்தால் வியர்க்கட்டும். எனக்குப் பழக்கம்தான்.

என் வேலை என்னவென்று கேட்டீர்கள். இசையரங்கில் ஒலிப்பதிவு செய்கிறேன். மேற்கத்தியச் செவ்வியல் இசை, ஜாஸ் இரண்டும் அங்கே நடக்கும். நல்ல கச்சேரி அமைந்தால் அதிலிருந்து ஒரு பகுதியை எடுத்து, சுத்தம் செய்து, காலையில் இணையத்தில் பகிர்வேன். அந்த யோசனை என்னுடையது. மேனேஜர் தன்னுடையது என்பார், இருக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு வரி எழுதுவேன். 'பாத்திரம் கழுவும்போது கேளுங்கள்.' 'பேருந்து வராத நேரத்துக்கு.' 'மேலதிகாரி திட்டி அனுப்பிய பிறகு.' டை கட்டிக்கொண்டு உட்கார்ந்தால்தான் இந்த இசை காதுக்குள் போகும் என்று நினைக்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. அரங்கத்துக்கு நன்கொடை தரும் ஓர் அம்மாள் ஒருமுறை என் தோளைத் தட்டி, "உன்ன மாதிரி சாதாரண வீட்டுப் பொண்ணுக்கெல்லாம் இது எப்படிம்மா பிடிச்சுது?" என்று கேட்டார். பாராட்டாகத்தான் கேட்டார். அதனால்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சுத்தம் செய்வது என்றால் பெரும்பாலும் இருமலை எடுப்பது. நீங்கள் இந்த மாதிரிக் கச்சேரிக்குப் போயிருக்கிறீர்களா தெரியாது. செவ்வியல் படைப்பு ஒன்று மூன்று நான்கு பாகமாக இருக்கும். ஒரு பாகம் முடிந்தவுடன் கைதட்டக் கூடாது. எல்லாம் முடிந்த பிறகுதான் தட்ட வேண்டும். நடுவில் ஒரு சின்ன இடைவெளி வரும். அதுவரை தொண்டையில் அடக்கி வைத்திருந்ததை எல்லோரும் அப்போது இருமிக்கொள்வார்கள். பள்ளிக்கூடம் விட்ட மாதிரி இருக்கும். அப்படியும் சிலருக்கு நடுவில் வந்துவிடும். வீட்டில் சமைத்துக்கொண்டே கேட்கிறவர் காதில் திடீரென்று யாரோ இருமினால், முன்பின் தெரியாத ஆள் அடுக்களைக்குள் வந்து நின்ற மாதிரி இருக்கும். அதனால் எடுத்துவிடுவேன். யாருக்கும் தெரியாமல் எடுப்பேன். மேனேஜர் எனக்கு இருமல் டாக்டர் என்று பெயர் வைத்திருந்தார்.

அப்பாவின் இருமல் அப்படி எடுக்கக்கூடியது இல்லை. மெத்தை தைக்கும் பட்டறையில் பஞ்சு அடிக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே வாழ்க்கை முழுக்க நின்றவர் அவர். மூக்கில் துணி கட்டச் சொன்னால், கட்டினால் மூச்சு முட்டுகிறது என்பார். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் கல்லூரி வாசலை மிதித்தவர் யாருமில்லை. எனக்குப் படிப்புச் செலவு கூடக் கூட அவர் கூடுதல் ஷிப்ட் பார்த்தார். அவர் நெஞ்சில் இறங்கிய தூசியில்தான் நான் பட்டம் வாங்கினேன். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. உலகம் வெட்கப்பட வேண்டிய விஷயம் அது.

பட்டமளிப்பு அன்று அவர் இருமினார். கல்லூரி முதல்வர் பேசிக்கொண்டிருந்தார். இருமல் நிற்கவில்லை. முதல்வர் பேச்சை நிறுத்தி, தண்ணீர் குடித்து, காத்திருந்தார். மண்டபத்தில் அத்தனை தலைகளும் திரும்பின. எனக்கு முன்னால் இருந்த பெண் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு, "யாரோட அப்பாடி அது?" என்று பக்கத்தில் கேட்டாள். பக்கத்தில் இருந்தவள் என்னைத்தான் பார்த்தாள். நான் மேடையைப் பார்த்தேன். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்தத் தலைகளை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். குற்றவாளியைத் தேடுகிறீர்கள் என்றால் அங்கிருந்து தொடங்க வேண்டும்.

அத்தைதான் உங்களிடம் புகார் கொடுத்தது என்று தெரியும். அப்பாவின் தங்கை. அம்மா போன பிறகு எங்களோடுதான் இருக்கிறார். நான் பக்கத்து அறையில் இருந்தபோது அவர் உங்களிடம் சொன்னது எனக்குக் கேட்டது. "எங்கண்ணன் செருப்பில்லாம கூட வெளிய போவான், அந்த இன்ஹேலர் இல்லாம போக மாட்டான். அது அவன் சட்டைப் பையில இல்ல. யாரு எடுத்தாங்கன்னு கேளுங்க." சரியான கேள்வி. அத்தை படிக்கவில்லை, ஆனால் முட்டாளில்லை. இன்ஹேலர் என் கைப்பையில் இருந்தது. நான் அதை ஒளித்து வைக்கவில்லை. இதுவரை என்னிடம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

முதலில் அப்பா ஏன் அரங்குக்கு வந்தார் என்று சொல்கிறேன். என் பகிர்வுகளை அவர் ஒன்று விடாமல் கேட்பார். பட்டறையில் இயந்திரச் சத்தத்துக்குக் கேட்காது என்று போனை எவர்சில்வர் டம்ளருக்குள் நிறுத்தி வைத்துக் கேட்பார். சத்தம் கொஞ்சம் கூடும். கூட வேலை செய்கிறவர்கள், "வித்வான் வந்துட்டாருப்பா, பஞ்ச மெதுவா அடிங்க" என்று கிண்டல் செய்வார்களாம். செவ்வியல் அவருக்குத் தூக்கத்துக்கு, ஜாஸ் வேலைக்கு. "அவன் தப்பா ஒரு கட்டைய அமுக்கிட்டான் பாப்பா. அமுக்கிட்டு, அதையே நாலு தடவ அமுக்கி, நான் வேணும்னுதான் அமுக்குனேங்கிறான் பாரு. கெட்டிக்காரப் பய," என்பார். அவர் அப்படிச் சொன்னது ஒரு பியானோக்காரரைப் பற்றி. அதே பியானோக்காரர் எங்கள் அரங்குக்கு மறுபடி வருகிறார் என்றதும் கேட்டுவிட்டார்.

"ஒரு நாளாவது நேர்ல உக்காந்து கேக்கணும் பாப்பா. உன் ஆபீஸையும் பாத்த மாதிரி இருக்கும்."

டிக்கெட் கிடைக்காது என்றேன். கிடைக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் அந்தப் பேச்சை விட்டுவிட்டார். அவர் விட்டதுதான் என்னை உறுத்தியது. கெஞ்சியிருந்தால் மறுத்திருப்பேன். நானே அழைப்புச் சீட்டு வாங்கினேன். மூன்றாவது வரிசை, சுவரோரம், கடைசி இருக்கை. அங்கே வெளிச்சம் கொஞ்சம் குறைவு.

அதன் பிறகு அவருக்குப் பயிற்சி கொடுத்தேன். சிரிக்காதீர்கள், வீட்டிலும் அத்தை சிரித்தார். சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு பாகம் முழுக்க ஓடவிடுவேன். இருமாமல், செருமாமல், காலை ஆட்டாமல் இருக்க வேண்டும். முகம் சிவக்கச் சிவக்க உட்கார்ந்திருப்பார். பாகம் முடிந்ததும், "இப்ப இருமலாமா டீச்சர்?" என்பார். பிறகு நீளமாக இருமுவார். அத்தை உள்ளேயிருந்து, "ஏண்டி, மனுஷனக் கச்சேரிக்குக் கூட்டிட்டுப் போறியா, தண்ணிக்குள்ள முக்கி வெக்கப் போறியா?" என்று கேட்டார்.

முதல் பாதி செவ்வியல், அதில்தான் இந்தக் கட்டுப்பாடு. இரண்டாம் பாதி ஜாஸ், அதில் நடுவிலேயே கைதட்டலாம், இருமினாலும் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள் என்று விளக்கினேன்.

"அப்ப முதல் பாதியில இருமுனா குத்தம், ரெண்டாம் பாதியில இருமுனா தாளமா?"

"ஆமாப்பா."

"நல்ல நியாயம். சரி, முதல் பாதியத் தாண்டிட்டா நம்ம ஆட்டம்தான்."

அந்தப் பயிற்சியில் அவருக்கு மகிழ்ச்சிதான் இருந்தது என்பதை எழுதிக்கொள்ளுங்கள். கட்டாயப்படுத்தினேன் என்று வரக் கூடாது.

கச்சேரி அன்று, என் முதல் சம்பளத்தில் நான் வாங்கிக் கொடுத்த சட்டையை அவர் போட்டுக்கொண்டு, தலையைப் படிய வாரி வந்திருந்தார். காதோரத்தில் ஒரு பஞ்சிழை ஒட்டியிருந்தது. எடுத்துவிட்டேன். பின்வாசல் வழியாக உள்ளே அழைத்துப்போனேன். படிக்கட்டு குறைவு என்று காரணம் சொன்னேன். உண்மையிலேயே குறைவுதான். அங்கே வைத்துத்தான் இன்ஹேலரைக் கேட்டேன். அதை அழுத்தினால் ஸ்ஸ் என்று ஒரு சத்தம் வரும். அவர் இருக்கைக்குப் பக்கத்தில் சுவரோரமாக அரங்கத்தின் ஒலியைப் பிடிக்கிற மைக் ஒன்று நிற்கும். கைதட்டலையும், அறைக்குள் ஒலி பரவும் விரிவையும் எடுப்பதற்கு வைப்பது. அது எல்லாவற்றையும் பிடித்துவிடும். இருமலைக் கூட எடுத்துவிடலாம். ஸ்ஸ் என்பது பியானோவின் மெல்லிய ஒலிகளோடு கலந்துவிடும், எடுக்கவே முடியாது. இது தொழில்முறையான காரணம். இதை எந்த ஒலிப்பதிவாளரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

"அது என் உசுரு பாப்பா," என்றார்.

"இடைவேளையில தரேம்பா. நடுவுல கஷ்டமா இருந்தா அந்தச் சின்ன இடைவெளியில இருமிக்கோங்க. எழுந்திரிக்க மட்டும் கூடாது. மத்தவங்க காலத் தாண்டித்தான் வெளிய வரணும்."

எடுத்துக் கொடுத்தார். "இந்தா, உசுரு உன் பையில. தொலைச்சுடாத," என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஒரு விஷயத்தை அவரிடம் சொல்லவில்லை. அன்று காலை ஒத்திகையின்போது பியானோக்காரர் என்னைக் கூப்பிட்டு, முதல் பாகத்துக்கும் இரண்டாம் பாகத்துக்கும் நடுவில் ஜனங்கள் இருமித் தள்ளுவது தன் கவனத்தைக் கெடுக்கிறது என்றார். நான்தான் சொன்னேன், "அப்ப நிறுத்தாதீங்க சார். கைய எடுக்காம அப்படியே அடுத்ததுக்குப் போயிடுங்க. பதிவும் சுத்தமா வரும்." அவருக்குப் பிடித்துவிட்டது. மூன்று பாகத்தையும் ஒரே மூச்சில் வாசித்துவிடுகிறேன் என்றார். ஒரே மூச்சில் என்பது அவர் வார்த்தை.

ஆகவே அந்த இடைவெளி வராது என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரியாது. மறந்துவிட்டேனா என்று கேட்கப் போகிறீர்கள். மறக்கவில்லை. சொன்னால் அவர் பயந்துபோய் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறேன் என்பார். பெஞ்சு முன்கூடத்தில் இருக்கிறது. நன்கொடையாளர்கள் எல்லோரும் அந்த வழியாகத்தான் வருவார்கள்.

பதிவு அறை அரங்கத்தின் பின்பக்கம், கண்ணாடிக்குப் பின்னால். அங்கிருந்து மூன்றாவது வரிசையில் பின்தலைகள்தான் தெரியும். ஆனால் காதுக்கு எல்லாம் தெரியும். ஒவ்வொரு மைக்கும் தனித் தனித் தடமாக வரும். எனக்கு முன்னால் மேசையில் ஒவ்வொன்றுக்கும் ஒலியை ஏற்றி இறக்கும் கட்டை இருக்கிறது. ஹெட்ஃபோனில் எந்த மைக்கை வேண்டுமானாலும் தனியாகக் கேட்கலாம்.

முதல் பாகம் நன்றாகப் போனது. அது முடியும் இடத்தில் அப்பா மூச்சை இழுத்துத் தயாராவது கேட்டது. வீட்டில் அப்படித்தான் தயாராவார். பியானோக்காரர் நிறுத்தவில்லை. மெதுவான இரண்டாம் பாகத்துக்குள் அப்படியே நுழைந்தார். அப்பா இருமலை விழுங்கினார். அரங்கமே விழுங்கியது. அன்று அங்கே இருந்த அமைதியை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்கப் போவதில்லை. வாசிப்பும் அப்படித்தான் இருந்தது. ஒவ்வொரு ஒலியும் அணைந்த பிறகே அடுத்தது வந்தது. இதைத்தான் நாளைக் காலையில் பகிரப் போகிறேன் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். என்ன வரி எழுதுவது என்றுகூட யோசித்தேன்.

சுவரோர மைக்கில் ஒரு விசில் சத்தம் வர ஆரம்பித்தது. நெஞ்சு இறுகினால் அவருக்கு அப்படி வரும். சின்ன வயதில் அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும், அவர் வீட்டில் இருக்கிறார் என்று அர்த்தம். அது வேகமானது. பிறகு மெல்லியதானது. மெல்லியதானால் சரியாகிவிட்டது என்று மற்றவர்கள் நினைக்கலாம். காற்று உள்ளே போகவில்லை என்று அர்த்தம். எனக்குத் தெரியும். இன்ஹேலர் என் மேசை மேலேயே இருந்தது. கைப்பை காலில் இடறியதால் எடுத்து மேலே வைத்தபோது வெளியே உருண்டு வந்திருந்தது. பக்கவாட்டுக் கதவைத் திறந்து குனிந்து ஓடினால் அரை நிமிடத்தில் அவர் வரிசை.

கதவைத் திறந்தால் கிரீச்சிடும். தலைகள் திரும்பும். யார் அது, யாருக்கு என்ன என்று பார்ப்பார்கள். நான் மண்டியிட்டு அவர் வாயில் அதை வைப்பதைப் பார்ப்பார்கள். நன்கொடை தரும் அந்த அம்மாள் முதல் வரிசையில் இருந்தார்.

நான் அந்த மைக்கின் கட்டையை மெதுவாகக் கீழே இறக்கினேன். சட்டென்று இறக்கினால் அறையின் விரிவு மாறுவது தெரிந்துவிடும். அதனால் பியானோவின் ஒலி கூடுகிற இடமாகப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். விசில் நின்றுவிட்டது.

என் ஹெட்ஃபோனில் நின்றது என்று சொல்கிறேன். அவருக்கு எப்போது நின்றது என்பது எனக்குத் தெரியாது.

இடைவேளையில் எல்லோரும் எழுந்து முன்கூடத்துக்குப் போனார்கள். டார்ச் அண்ணன் பதிவு அறைக்கு வந்தார். இருட்டில் டார்ச் அடித்து இருக்கை காட்டுகிறவர். அவரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம்.

"மூணாவது வரிசை ஓரத்துல ஒரு பெரியவர் நல்லாத் தூங்கறாரும்மா. முதல் பாதிக்கே படுத்துட்டாரு. யாரோட விருந்தாளி?"

"தெரியலண்ணா."

"எழுப்பிக் காபி குடிக்கச் சொல்லவா?"

"தூங்கட்டும்ணா. ரெண்டாம் பாதியில சத்தத்துக்கு அவரே எழுந்துக்குவாரு."

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அவர்மேல் தவறில்லை. அவரை வேலையிலிருந்து நிறுத்தியிருப்பதாகக் கேள்விப்பட்டேன், அது அநியாயம். எப்போதும் இப்படித்தான், கீழே இருப்பவன் தலையில்தான் விழும். என் வாக்குமூலத்தில் இதை அழுத்தமாக எழுதிக்கொள்ளுங்கள்.

இடைவேளையின்போது அப்பாவுக்கு உயிர் இருந்திருக்கலாம் என்று மருத்துவர் எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். இருந்திருக்கலாம் என்பது ஊகம். நான் அவர் தூங்குகிறார் என்று நினைத்தேன். இல்லை, நேராகவே சொல்கிறேன், அதற்குத்தானே வந்திருக்கிறேன். நான் அப்படி நினைக்கவில்லை. அப்படி நினைத்ததாக வைத்துக்கொண்டேன். ஜாஸ் ஆரம்பித்ததும் எல்லோரும் நடுவிலேயே கைதட்டினார்கள், ஒருவர் விசிலடித்தார், பலர் இருமினார்கள். அந்தச் சுவரோர மைக்கின் கட்டையை நான் மறுபடி ஏற்றவில்லை. அவருக்குப் பிடித்த அந்தக் கெட்டிக்காரப் பய அன்றும் ஒரு கட்டையைத் தப்பாக அமுக்கி, வேண்டுமென்றே அமுக்கிய மாதிரி நாலு தடவை அமுக்கினார்.

கச்சேரி முடிந்து விளக்கு போட்ட பிறகுதான் டார்ச் அண்ணன் கத்தினார். நான் போய்ப் பார்த்தேன். அப்பா கைக்குட்டையை மடித்து வாய்க்குள் திணித்து வைத்திருந்தார். யாரும் திணிக்கவில்லை, அவரேதான். சத்தம் வரக் கூடாது என்று. மேனேஜர், "இவர் யாருன்னு யாருக்காவது தெரியுமா?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். நான் கொஞ்சம் தாமதித்து, "எங்கப்பா," என்றேன். அப்போதும் தலைகள் திரும்பின. ஆனால் அந்த அம்மாள் வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். இருமியிருந்தால் அழுதிருப்பாரா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அந்தப் பதிவை மறுநாள் காலையே ஏன் பகிர்ந்தாய் என்று அத்தை கேட்டார், நீங்களும் கேட்டீர்கள். அப்பாவின் உடல் அப்போது வீட்டுக்கு வந்திருக்கவில்லை, எனக்குச் செய்ய வேறு வேலை இல்லை. மெதுவான பாகத்தை மட்டும் எடுத்தேன். மேலே, 'நெஞ்சு கனமாக இருக்கும் நாளுக்கு' என்று எழுதினேன். இதுவரை நாங்கள் பகிர்ந்ததிலேயே அதிகம் பேர் கேட்டது அதுதான். மருத்துவமனையில் காத்திருந்தபோது கேட்டேன் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். குழந்தையைத் தூங்க வைக்கிறேன் என்று ஒரு பெண். எப்பேர்ப்பட்ட ரசிகர்கள் அந்த அரங்கத்தில், மூச்சுச் சத்தம்கூட இல்லையே என்று ஒருவர். தைக்கிறவர்கள், ஓட்டுகிறவர்கள், கழுவுகிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். இதற்காகத்தான் நான் இந்த வேலைக்கே வந்தேன். அப்பாவைப் போன்றவர்களுக்காக.

நான்தான் செய்தேன். இன்ஹேலரை வாங்கியது நான், இடைவெளியை எடுத்துவிட்டது நான், அந்த விசிலைக் கேட்டது நான், அதைக் கேட்காதபடி செய்ததும் நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். என் கணினியை எடுத்து வைத்திருக்கிறீர்கள். அந்தப் பதிவில் கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு மூச்சு இன்னும் இருக்கிறது. பியானோவின் மைக்கிலேயே ஏறியிருக்கிறது, அதனால் எனக்கு அப்போது அகப்படவில்லை. எல்லோரும் அது பியானோக்காரருடையது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கொஞ்ச நேரம் கணினியைக் கொடுத்தீர்கள் என்றால் அதையும் எடுத்துவிடுவேன், மேடம். கேட்கிறவர்களுக்கு இடைஞ்சலாக இருக்கும்.